234 பேர் பைஜாமாவிலும் ஒரே ஓட்டை!

வெளிநாட்டு காலேஜில் சேர கட்டுரை எழுதும் மாணவ-மாணவிகள் படும் பாடு

சென்னை:-

இங்கிலாந்தில் 2007-ம் ஆண்டு ஒரு வேடிக்கை நடந்தது.

அந்த நாட்டில் பட்டப்படிப்பில் சேர வேண்டுமானால் "யூகாஸ்" என்ற அமைப்பு மூலமாகத்தான் மனு போட வேண்டும். மார்க் பட்டியல் மட்டும் போதாது. "இந்தப் படிப்பை நான் ஏன் விரும்புகிறேன்" என்று சொந்தமாக ஒரு கட்டுரையும் எழுதித் தர வேண்டும்.

டாக்டர் படிப்புக்கும், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கும் வந்த கட்டுரைகளில் 50 ஆயிரத்தை எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் போட்டு ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பார்த்த அதிகாரிகள் திடுக்கிட்டார்கள்.

234 மாணவ-மாணவிகள் ஒரே சம்பவத்தை எழுதி இருந்தார்கள். 8 வயதில் ரசாயன விளையாட்டுப் பெட்டியை வைத்து சோதனை செய்தாராம். போட்டிருந்த பைஜாமா எரிந்து ஓட்டை விழுந்ததாம். அன்று பிறந்ததாம் விஞ்ஞான ஆசை!

ஒரு வீட்டில் பைஜாமா எரியலாம். இரண்டு வீட்டில் எரியலாம். 234 வீட்டிலுமா எரியும்?

இன்டர்நெட்டில் மாதிரிக்காக போட்டிருந்த கட்டுரையைத்தான் எல்லோரும் "சுட்டு" இருந்தார்கள். பைஜாமா தப்பியவர்களில் பலருக்கு நோயாளி தாத்தா ஒருவர் இருந்தார். அவரைப் பார்த்துத்தான் டாக்டர் ஆகும் ஆசை வந்தது என்று வரி மாறாமல் எழுதி இருந்தார்கள்.

நம்ம ஊர் பைஜாமா

இங்கிலாந்துக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம்ம ஊரிலும் பைஜாமா எரிந்து கொண்டுதான் இருக்கிறது.

ஜெமினி மேம்பாலம் பக்கம் போகிறவர்கள் அமெரிக்க துணைத் தூதரக வாசலில் கையில் பைலோடு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அது விசாவுக்கு நிற்கும் கூட்டம். அதற்கு ஒரு வருடம் முன்பே இன்னொரு கூட்டம் கண் விழித்துக் கிடக்கிறது. அது வெளியே தெரியாது. ராத்திரி 2 மணிக்கு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "என்னைப் பற்றி என்னத்தை எழுதுவது?" என்று நகத்தைக் கடித்துக் கொண்டிருக்கும் கூட்டம் அது.

எம்.எஸ். படிக்கப் போகும் என்ஜினீயரிங் மாணவர்களுக்கு "எஸ்.ஓ.பி." என்று ஒன்று உண்டு. படிப்பின் நோக்கம் பற்றிய கட்டுரை. சென்னை மாணவர்கள் எழுதிய 10 எஸ்.ஓ.பி.யை வாங்கிப் பாருங்கள். நாலில் பையன் சின்ன வயதில் வீட்டு ரேடியோவைக் கழற்றி இருப்பான். மூன்றில் முதல் வரியே அப்துல் கலாமின் பொன்மொழி. மீதியில் "தொழில்நுட்பம் வேகமாக வளர்ந்து வரும் இன்றைய உலகில்" என்று தொடக்கம். 2004-ல் பிறந்த பையன் வீட்டில் கழற்றுவதற்கு ரேடியோ ஏது? சீனியர் எழுதியதைப் பார்த்து ஜூனியர், அவரைப் பார்த்து அவருக்கு ஜூனியர். கடைசியில் ரேடியோவைக் கழற்றியவர் யாரோ ஒருவர்; அவர் இந்நேரம் கலிபோர்னியாவில் வீடு வாங்கி இருப்பார்.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றம் இல்லை. நம்ம ஊரில் என்ஜினீயரிங் சேர கட்-ஆப் மார்க் போதும். 200-க்கு எவ்வளவு என்று பார்த்து கவுன்சிலிங்கில் இடம் கொடுக்கிறார்கள். "நீ யார்?" என்று யாரும் கேட்பது இல்லை. பள்ளிக்கூடத்தில் எழுதிய கட்டுரையோ "பொங்கல் விழா", "மரம் வளர்ப்போம்". முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்புப் போட்டால் பாதி மார்க். 12 வருடம் இப்படிப் பழகிய பையனிடம் திடீரென்று "உன்னைப் பற்றி 650 வார்த்தை எழுது" என்றால் என்ன செய்வான் பாவம்?

650 வார்த்தை

அமெரிக்காவில் பட்டப்படிப்புக்கு மனு போடும் மாணவர்களில் பெரும்பாலோர் "காமன் ஆப்" என்ற பொது மனுவை நிரப்புகிறார்கள். 1975-ம் ஆண்டு 15 கல்லூரிகள் சேர்ந்து தொடங்கியது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இதில் இருக்கின்றன. ஆகஸ்டு 1-ந் தேதி மனு திறக்கும். முந்திக் கொள்கிறவர்களுக்கு நவம்பர் 1-ந் தேதி வாக்கில் கெடு. மற்றவர்களுக்கு பல பெரிய கல்லூரிகளில் ஜனவரி முதல் வாரம்.

இதில் 7 தலைப்புகள் கொடுத்து ஒன்றை எடுத்துக் கொள்ளச் சொல்கிறார்கள். உன் பின்னணி என்ன, நீ சந்தித்த தோல்வி என்ன, நீ நம்பிய ஒன்றை எப்போது கேள்வி கேட்டாய், நேரம் போவதே தெரியாமல் எதில் மூழ்கிப் போவாய், இந்த மாதிரி. ஏழாவது தலைப்பு, "உன் இஷ்டம்". குறைந்தது 250 வார்த்தை. அதிகபட்சம் 650. அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட பெட்டிக்குள் போகாது.

இது போக கல்லூரிக்குக் கல்லூரி தனிக் கேள்வி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 8 கேள்வியில் 4-க்கு, ஒவ்வொன்றும் 350 வார்த்தைக்குள் பதில் எழுத வேண்டும். ஸ்டான்போர்டில் "உன் அறையில் தங்கப் போகும் தோழனுக்கு ஒரு கடிதம் எழுது" என்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகம் குறும்புக்குப் பெயர் போனது. ஒரு முறை "எக்ஸைக் கண்டுபிடி" என்று மட்டும் கேட்டது! அது கணக்குப் பரீட்சை அல்ல, கட்டுரைத் தலைப்பு.

இங்கிலாந்தில் 4 ஆயிரம் எழுத்துக்கு ஒரே நீளமாக எழுதும் வழக்கம் பல ஆண்டுகள் இருந்தது. 2026-ம் ஆண்டு சேர்க்கையில் இருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்து விட்டார்கள். ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படி உதவியது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தாய் என்று நேராகவே கேட்கிறார்கள். இங்கிலாந்துக்காரர்கள் படிப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். அமெரிக்கர்கள் ஆளைப் பற்றிக் கேட்கிறார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரே கட்டுரையை இரண்டு நாட்டுக்கும் அனுப்புகிறவர்கள் ஏராளம்.

பழைய பாவம்

ஆளைப் பற்றிக் கேட்கும் பழக்கம் எப்படி வந்தது தெரியுமா? கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்.

1920-க்கு முன்பு அமெரிக்காவிலும் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தால் பெரிய கல்லூரிகளில் இடம் கிடைத்தது. யூதப் பிள்ளைகள் நன்றாகப் படித்து ஏராளமாக உள்ளே வந்து விட்டார்கள். பழைய பணக்காரக் குடும்பங்கள் முகம் சுளித்தன. 1919-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம் புது மனுத் தாள் ஒன்றைக் கொண்டு வந்தது. மதம் என்ன, அப்பா பிறந்த ஊர் எது என்று கேட்டார்கள். போட்டோவும் ஒட்டச் சொன்னார்கள். 1922-ல் ஹார்வர்டு தலைவர் லோவெல், யூதர்களுக்கு இத்தனை இடம்தான் என்று வரம்பு கட்டப் பார்த்தார். அது எதிர்ப்பில் நின்று போனது. "குணநலன் பார்க்கிறோம்" என்ற பெயரில் வேறு வழியாக உள்ளே வந்தது.

அன்றைக்கு கதவை அடைக்கக் கொண்டு வந்த ஏற்பாடு, பின்னாளில் கதவைத் திறக்கவும் பயன்பட்டது. 2023-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, இனத்தைப் பார்த்து கல்லூரியில் இடம் தரக்கூடாது என்று தீர்ப்பு கூறியது. அதே தீர்ப்பில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், தன் வாழ்க்கையை இனம் எப்படி பாதித்தது என்று மாணவர் தன் கட்டுரையில் எழுதினால் அதைப் பார்க்கத் தடை இல்லை என்றும் குறிப்பிட்டார். அதன் பிறகு கட்டுரைக்கு மவுசு இன்னும் கூடி விட்டது.

போட்டியும் சாதாரணம் அல்ல. 2024-ம் ஆண்டு ஹார்வர்டுக்கு 54 ஆயிரம் பேர் மனு போட்டார்கள். இடம் கிடைத்தவர்கள் 2 ஆயிரம் பேர் கூட இல்லை. இவ்வளவு மனுக்களையும் மனிதர்கள்தான் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஒரு பிள்ளையின் பைலுக்கு சில நிமிடங்கள்தான் கிடைக்கும். காலையில் இருந்து 30 பேர் "உலகை மாற்றுவேன்" என்று சொன்னதைக் கேட்டு அலுத்துப் போனவர் முன்னால் 31-வது ஆளாக நம்ம பையனும் போய் "உலகை மாற்றுவேன்" என்றால் எப்படி?

வில்லிவாக்கம் மாணவி

வில்லிவாக்கத்தில் ஒரு மாணவி. பிளஸ்-2 படிக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறார். கணக்கில் இந்தப் பெண் புலி.

குடும்ப வருமானத்தைப் பார்த்தால் அமெரிக்கா என்ற பேச்சுக்கே இடம் இல்லை. ஆனால் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற விரல் விட்டு எண்ணக்கூடிய சில கல்லூரிகளில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. வெளிநாட்டு மாணவராக இருந்தாலும், பணம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலே தேர்வு செய்கிறார்கள். தேர்வான பிறகு, குடும்பத்தால் எவ்வளவு முடியாதோ அவ்வளவையும் கல்லூரியே ஏற்றுக் கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒருவர் சொல்லித்தான் இந்த விவரம் இவருக்குத் தெரிந்தது. மனுக் கட்டணம் கட்ட வசதி இல்லாதவர்களுக்கு அதையும் தள்ளுபடி செய்கிறார்கள்.

மார்க் இருக்கிறது. பரீட்சையும் எழுதி விட்டார். மிச்சம் இருந்தது கட்டுரை. இந்தப் பெண்ணுக்கு நாலு வருடப் படிப்பும் அந்த 650 வார்த்தையில் தொங்கியது என்று சொன்னால் அது மிகை இல்லை.

சொந்தக்காரர் ஒருவர் ஒரு ஆலோசனை நிலையத்துக்கு அழைத்துப் போனார். ஏ.சி. அறை. சுவர் எல்லாம் அமெரிக்க கொடி. கட்டுரைக்கு 15 ஆயிரம் ரூபாய் கேட்டார்கள். நடந்ததை மாணவியே நமது நிருபரிடம் கூறினார்:-

"மொதல்ல நான் எழுதிட்டுப் போனதை படிச்சாங்க சார். 'ரொம்ப சாதாரணமா இருக்கும்மா'ன்னாங்க. 'அப்பா என்ன பண்றாரு?'ன்னு கேட்டாங்க. ஆட்டோன்னு சொன்னேன். 'குடிப்பாரா?'ன்னாங்க. இல்லைன்னேன். 'பரவால்ல, குடிப்பாருன்னு போட்டுக்கலாம், ஒரு நாள் குடிச்சிட்டு வந்து உன் புக்கை கிழிச்சிட்டாருன்னு வெச்சுப்போம், உருக்கமா இருக்கும், அங்க எவன் வந்து பாக்கப் போறான்'னு சொன்னாங்க. அப்பா வெளியில ஆட்டோவுல உக்காந்துட்டு இருந்தாரு சார். எங்க அப்பா ரெண்டாவது கிளாஸ் டீ கூட குடிக்க மாட்டாரு."

பெண் எழுந்து வந்து விட்டார். "உள்ள என்னம்மா சொன்னாங்க?" என்று அப்பா கேட்டதற்கு, "பீஸ் ஜாஸ்தியாம்ப்பா" என்று சொல்லி இருக்கிறார்.

கண்ணீர் வியாபாரம்

சோகத்தை இட்டுக்கட்டி விற்பது நம்ம ஊர் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் டி.எம்.லேண்ட்ரி என்று ஒரு தனியார் பள்ளி. ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளை பெரிய பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியதால் நாடு முழுவதும் கைதட்டல் வாங்கியது. 2018-ல் "நியூயார்க் டைம்ஸ்" குட்டை உடைத்தது. பிள்ளைகளின் மனுக்களில் நடக்காத கொடுமைகள் எல்லாம் நடந்ததாக எழுதப்பட்டு இருந்தன.

2024-ல் ஒரு இந்திய மாணவர் விவகாரம் வெளியே வந்தது. அப்பா இறந்து விட்டதாக போலி சான்றிதழ் காட்டி அமெரிக்க பல்கலைக்கழகம் ஒன்றில் முழு உதவித் தொகையோடு சேர்ந்திருந்தார். அப்பா ஊரில் நன்றாக இருந்தார்! இன்டர்நெட்டில் பெயர் போடாமல் அவரே அளந்து விட்ட பெருமைதான் அவரைக் காட்டிக் கொடுத்தது. கைது, கோர்ட்டு, குற்ற ஒப்புதல் எல்லாம் முடிந்து இந்தியாவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. பொய் சொல்கிறவன் மட்டும் அல்ல, உண்மையிலேயே கஷ்டப்பட்டவனும் இதனால் தவிக்கிறான். தன் கஷ்டத்தைக் கடை பரப்பினால்தான் இடம் கிடைக்குமோ என்று நினைத்து, சொல்ல விரும்பாத வீட்டு விஷயத்தை எல்லாம் எழுதி விடுகிறான். அப்படி எழுத வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வீட்டுச் சூழ்நிலையால் படிப்பு பாதிக்கப்பட்டதைச் சொல்ல காமன் ஆப் மனுவிலேயே தனியாக ஒரு சிறு பெட்டி இருக்கிறது. நடந்ததை நாலு வரியில் அங்கே சொல்லி விட்டு, கட்டுரையில் வேறு பேசலாம்.

"நீ சும்மா பேசும்மா"

வில்லிவாக்கம் பெண் பிறகு போனது அயனாவரத்தில் இருக்கும் ஒரு ரிட்டயர்டு ஆங்கில டீச்சரிடம். 34 வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். காசு வாங்குவது இல்லை.

பெண் கொண்டு போன கட்டுரை 910 வார்த்தை. முதல் வரியில் கலாம். இரண்டாவது பாராவில் பத்தாம் வகுப்பு மார்க். மூன்றாவது பாராவில் செஸ் போட்டிக் கோப்பை. கடைசியில் "தாய்நாட்டுக்கு சேவை செய்வேன்".

டீச்சர் அதை மடித்து டம்ளருக்கு அடியில் வைத்து விட்டார். "மார்க்கும் கோப்பையும் மனுவுல வேற இடத்துல இருக்கு. அவங்க ஏற்கனவே பார்த்தாச்சு. இதை விடு. நீ சும்மா பேசும்மா" என்றார்.

"என்ன மிஸ் பேசறது? எங்க வீட்ல ஒண்ணுமே நடக்கலையே."

"கணக்கு எப்பலேருந்து புடிக்கும்?"

"தண்ணி லாரி காலத்துலேருந்து மிஸ்."

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் அந்தப் பெண்தான் பேசினார்.

2019-ம் ஆண்டு கோடையை சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு கிடந்த வருடம். ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். ஜூலை 12-ந் தேதி முதல் ரெயில் வந்து நின்ற இடமே வில்லிவாக்கம்தான். அப்போது இந்தப் பெண் ஆறாம் வகுப்பு.

தெருவுக்கு மெட்ரோ வாட்டர் லாரி வரும். காலை 6 மணி என்பார்கள். 4 மணிக்கும் வரும், 11 மணிக்கும் வரும். பெண்கள் குடத்தை வரிசையில் போட்டு விட்டு ராத்திரி எல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். இந்தச் சிறுமி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் லாரி வந்த நேரத்தை தினமும் குறித்து வைத்தார். ஒன்றரை மாதம் குறித்த பிறகு ஒன்று தெரிந்தது. பக்கத்துத் தெருவுக்கு லாரி வந்து விட்டால், சுமார் 40 நிமிடத்தில் இந்தத் தெருவுக்கு வருகிறது. பக்கத்துத் தெருத் தோழி ஒருத்தியை, லாரி வந்ததும் போன் போடச் சொல்லி வைத்தார். தெருப் பெண்களுக்கு தினமும் இரண்டு மணி நேரம் தூக்கம் மிச்சம். "லாரி பாப்பா" என்று பெயர் கிடைத்தது.

பிறகு ஒரு நாள் கணக்கு தப்பி விட்டது. லாரி முதலில் இந்தத் தெருவுக்கே வந்து போய் விட்டது. ஒரு குடம் கூட நிரம்பவில்லை. "சின்னப் பொண்ணு பேச்சைக் கேட்டு தூங்கினோமே" என்று எதிர் வீட்டு அம்மாள் வாசலில் நின்று திட்டி விட்டார். சிறுமி அழுது கொண்டே காலண்டர் தாள்களைத் திரும்பப் புரட்டினார். நேரத்தைக் குறித்தவர், ஓட்டி வருவது யார் என்று குறிக்கவே இல்லை. அந்த வாரம் டிரைவர் மாறி இருந்தார். புது டிரைவர் வேறு வழியாக வந்திருந்தார். மறுநாளில் இருந்து தாளில் இன்னொரு கட்டம் போட்டார்: டிரைவர் யார்?

"இதான்டி கட்டுரை!" என்று டீச்சர் மேஜையைத் தட்டினாராம்.

வெட்டு, வெட்டு

சொன்னது வேறு, எழுதியது வேறு. பெண் மறுபடியும் எழுதிக் கொண்டு வந்ததில், "நீர் மனித வாழ்வின் ஆதாரம்" என்று தொடங்கி இருந்தார். டீச்சர் அடித்தார். "உங்க தெரு அம்மாவுங்க அப்படியா பேசுவாங்க?" அகராதியைப் பார்த்துப் போட்ட பெரிய பெரிய ஆங்கில வார்த்தைகள் 11 இருந்தன. அத்தனையும் அடித்தார். மெட்ரோ வாட்டர் என்றால் என்ன, ஏன் குழாயில் தண்ணீர் வராது என்று அமெரிக்கக்காரருக்குத் தெரியாது. அதற்கு இரண்டு வரி சேர்க்கச் சொன்னார்.

கலாம் வரியை அடிக்க மட்டும் மாணவிக்கு மனசே இல்லை. "அவரு எவ்ளோ பெரியவரு மிஸ்" என்றாராம். "பெரியவருதான். ஆனா அவரு மனு போடலையே, நீதானே போடறே" என்று டீச்சர் பதில் சொன்னார். நம்ம பிள்ளைகள் எல்லோருக்கும் இது பொருந்தும். தாத்தாவைப் பற்றி, அம்மாவைப் பற்றி, தலைவரைப் பற்றி உருகி உருகி எழுதுகிறார்கள். படித்து முடித்ததும் அந்தத் தாத்தாவைச் சேர்த்துக் கொள்ளலாம் போல இருக்கிறது. பையன் எங்கே என்று தேட வேண்டி இருக்கிறது.

கடைசிப் பாராவில் என்ன எழுதுவது என்று ஒரு வாரம் தகராறு. "இதிலிருந்து நான் கற்றுக் கொண்ட பாடம்" என்று மாணவி எழுதி இருந்தார். டீச்சர் அதையும் விடவில்லை. இப்போது எதைக் குறித்து வைக்கிறாய் என்று கேட்டார். அப்பா ஆட்டோவில் எந்த நேரத்தில் எந்த இடத்தில் சவாரி கிடைக்கிறது என்று ஒரு வருடமாக நோட்டு போட்டு வருவதாக மாணவி சொன்னார். மழை பெய்தால் கணக்கு தப்புகிறது. ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை என்றார். அந்தப் பிடிபடாத விஷயத்தோடு கட்டுரை முடிந்தது. மொத்தம் 638 வார்த்தை. எழுதியது 9 தடவை.

எழுதி முடித்ததை சத்தம் போட்டுப் படிக்க வைத்தார் டீச்சர். எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கே வாக்கியம் சரியில்லை என்று அர்த்தமாம். டீச்சர் தன் கையால் ஒரு வரி கூட எழுதித் தரவில்லை. "நான் எழுதினா அது அறுபது வயசு பொம்பளை எழுதின மாதிரி இருக்கும். படிக்கிறவன் முட்டாள் இல்ல" என்கிறார்.

மெஷின் எழுதினால்?

இப்போது புதிதாக ஒரு வசதி வந்திருக்கிறது. ஏ.ஐ.யிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் கட்டுரை வந்து விழும். தப்பு இல்லாத ஆங்கிலம். ஆனால் மனு போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏ.ஐ. எழுதியதைத் தன்னுடையது என்று கொடுப்பது மோசடி என்று காமன் ஆப் அமைப்பு 2023-ம் ஆண்டிலேயே விதியில் சேர்த்து விட்டது. மனுவின் கடைசியில் "இது என் சொந்த எழுத்து" என்று கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

டியூக் பல்கலைக்கழகத்தில் கட்டுரைக்கு மார்க் போடும் வழக்கம் இருந்தது. காசு வாங்கி எழுதித் தருபவர்களும், ஏ.ஐ.யும் பெருகியதால் 2024-ல் அந்த மார்க்கை எடுத்து விட்டார்கள். கட்டுரையைப் படிக்கிறார்கள், எழுத்துத் திறமைக்கு எண் போடுவது இல்லை. ஆங்கிலம் பளபளவென்று இருப்பதற்கு இனிமேல் பெரிய மதிப்பு இல்லை என்றுதான் இதற்கு அர்த்தம். கான்வென்டில் படிக்காத பிள்ளைகளுக்கு இது நல்ல சேதி என்பது நமது கணிப்பு. லாரி பாப்பாவின் காலண்டர் தாளை எந்த மெஷினும் கண்டுபிடித்து எழுத முடியாது.

எம்.எஸ். மாணவர்களுக்கு

எஸ்.ஓ.பி. எழுதும் என்ஜினீயரிங் மாணவர்கள் இதைப் படித்து விட்டு லாரிக் கதை எழுதப் புறப்பட்டு விட வேண்டாம். அது வேறு சமாச்சாரம். அதைப் படிக்கிறவர்கள் அந்தத் துறையின் பேராசிரியர்கள். அவர்களுக்கு உங்கள் சின்ன வயது ரேடியோ வேண்டாம். பைனல் இயர் பிராஜெக்டில் நீங்கள் என்ன செய்தீர்கள், எங்கே சிக்கினீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள் என்பதுதான் வேண்டும். நாலு பேர் சேர்ந்து செய்த பிராஜெக்டில் "நாங்கள், நாங்கள்" என்று எழுதினால் உங்கள் பங்கு என்ன என்று தெரியாது. அந்தப் பல்கலைக்கழகத்தில் யாரிடம், எந்த ஆராய்ச்சியில் சேர ஆசை என்பதை அவர்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்து விட்டு எழுத வேண்டும். பெயரை மட்டும் வெப்சைட்டில் பார்த்து எழுதினால், ரிட்டயர் ஆனவர் பெயரைப் போட்டு மாட்டிக் கொள்வீர்கள்.

"எங்கள் கல்லூரி ஏன்?" என்ற கேள்விக்கும் இதே கதைதான். எழுதிய பதிலில் கல்லூரிப் பெயரை அழித்து விட்டு வேறு கல்லூரிப் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் அது பதிலே அல்ல; கல்யாணப் பத்திரிகை மாதிரி, பெயரை மாற்றி யாருக்கும் அனுப்பலாம். அவசரத்தில் பெயரை மாற்ற மறந்து யேலுக்குப் போன மனுவில் "பிரின்ஸ்டனே என் கனவு" என்று எழுதி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்பா கேட்டார்

வில்லிவாக்கம் மாணவி மனு அனுப்பி விட்டார். அனுப்புவதற்கு முதல் நாள் ராத்திரி கட்டுரையை அப்பாவுக்கு தமிழில் வாசித்துக் காட்டினாராம். அவர் ஒரு திருத்தம் சொன்னார். லாரி தப்பிப் போன நாள் செவ்வாய்க்கிழமை என்று பெண் எழுதி இருந்தார். "செவ்வாய் இல்லம்மா, வியாழன். அன்னிக்கு நான் எப்.சி.க்கு வண்டி விட்டிருந்தேன், வீட்ல தான் இருந்தேன்" என்று அப்பா சொன்னார். பெட்டியில் இருந்து காலண்டர் தாள்களை எடுத்துப் பார்த்தார்கள். வியாழக்கிழமைதான். மாற்றி விட்டுத்தான் அனுப்பினார்கள்.

பெரிய பல்கலைக்கழகங்களின் முடிவு மார்ச் மாதக் கடைசியில் வரும். அதுவரை மாணவி பிளஸ்-2 பரீட்சைக்குப் படிக்கிறார். இடம் கிடைக்காவிட்டால் கவுன்சிலிங்கில் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரிக்கு முயற்சி செய்யப் போவதாகக் கூறினார். அதற்கு கட்டுரை தேவை இல்லை.